கையெழுத்து என்னுடையது, பூட்டு அவன் வாய்க்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் வாடகைச் சட்டம் மாறியதைப் பற்றி நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். காரணமே சொல்லாமல் காலி பண்ணச் சொல்லும் செக்‌ஷன் 21 போய்விட்டது, வாடகையை வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏலம் விடுகிற மாதிரி யார் அதிகம் தருவீர்கள் என்று கேட்கக்கூடாது, எல்லாம் நல்ல சேதிதான். ஆனால் அந்தச் செய்தி முழுக்க வீட்டுக்காரர் ஒரு பக்கம், வாடகைக்கு இருப்பவர் ஒரு பக்கம் என்று இரண்டே பேர்தான் இருந்தார்கள். மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான். அவன் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டான், அவனிடம் சாவி கிடையாது, ஆனால் பாக்கி விழுந்தால் கடிதம் அவன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஊரில் ஜாமீன்தாரர் என்போம், இங்கே கேரண்டர். நான் அந்த மூன்றாவது ஆள், அதனால்தான் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் என் அக்கா மகன் எம்எஸ்சி படிக்க லண்டன் வந்தான். அவனும் கூடப் படிக்கிற மூன்று பையன்களும் சேர்ந்து ஒரு வீடு பார்த்தார்கள், மாதம் 2,400 பவுண்டு, ஆளுக்கு 600. புதிதாக வந்த பையன்களுக்கு இங்கே சம்பளச் சீட்டும் கிடையாது, கடன் கட்டிய வரலாறும் கிடையாது. அதனால் ஏஜென்ட் இரண்டில் ஒன்று என்றார்: ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டு, இல்லையென்றால் இந்த நாட்டில் சொந்த வீடு இருக்கிற ஒரு கேரண்டரைக் கூட்டிக்கொண்டு வா. ஆறு மாதம் என்றால் அவன் பங்கு 3,600 பவுண்டு. அக்கா வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். நான்தான் "எதுக்குக்கா, நான் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது" என்றேன். அந்த 3,600 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஏஜென்ட் என் வருமானத்தைக் கேட்டார். இங்கே பல இடங்களில் மாத வாடகையின் 36 மடங்கு வருட வருமானம் கேரண்டருக்கு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 600க்கு 36 மடங்கு 21,600. என் சம்பளத்துக்கு அது தாராளமாகப் போதும், சந்தோஷமாக அனுப்பினேன். பத்திரம் எட்டுப் பக்கம், மின்னஞ்சலில் வந்தது. சாட்சி வேண்டும் என்றதால் பிரிண்ட் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன், அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார், கையைத் துடைத்துவிட்டு பானெட்டு மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

2025 மே மாதம் ஒரு கடிதம் வந்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதத்துக்கு வாடகை பாக்கி 3,600 பவுண்டு, அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம் 150, பதினான்கு நாளைக்குள் கட்டவில்லை என்றால் வழக்கு. நான் பையனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம், அவன் ஒரு மாதம்கூட விடாமல் அவன் 600ஐக் கட்டியிருக்கிறான், பேங்க் ஸ்டேட்மென்டை அனுப்பினான். பாக்கி வைத்தது மற்ற மூவரில் இருவர். ஒருவன் படிப்பை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான், இன்னொருவன் வேலை போய்க் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். சரி, அவர்களுடைய கேரண்டரிடம் கேளுங்கள் என்று ஏஜென்டிடம் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாக ஆறாவது பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்.

ஆறாவது பக்கத்தில், வாடகைக்கு இருப்பவர்கள் அனைவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, அந்தப் பொறுப்பு முழுவதற்கும் ஜாமீன்தாரர் பொறுப்பு என்று இருந்தது. தமிழில் சொன்னால், நான்கு பேரில் மூன்று பேர் ஓடிப்போனாலும் மாதம் 2,400ஐயும் மிச்சம் இருக்கிற ஒருவனிடம் கேட்கலாம், அவனிடம் இல்லையென்றால் என்னிடம் கேட்கலாம். வருமானம் பார்க்கும்போது 600க்குப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கும்போது 2,400க்கு வாங்கிவிட்டார்கள். 2,400க்கு 36 மடங்கு போட்டால் 86,400, அவ்வளவு சம்பளம் எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. முழு வாடகைக்கு நான் தாங்க மாட்டேன் என்பது அவர்கள் கணக்குப்படியே அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் எழுதி வாங்கினார்கள். இது சட்டவிரோதம் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வாடகைக்காரனிடம் முதலில் கேட்டுப் பார்த்து, வழக்குப் போட்டு, முடியாமல் போனால்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பத்திரத்தில் எழுதியிருக்கிற விதத்தைப் பொறுத்து நேரே நம்மிடமே வரலாம். வாடகை மட்டும் இல்லை, உடைந்த கதவு, கறை படிந்த கார்பெட், வக்கீல் செலவு வரைக்கும் அதில் அடங்கும். வழக்கில் தோற்று ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் நம் கடன் பதிவில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் நம் வீட்டுக் கடனைப் புதுப்பிக்கப் போகும்போது பேங்க்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும். கட்டிய பணத்தை வாடகைக்காரனிடமிருந்து திரும்ப வாங்க ஜாமீன்தாரருக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அக்கா மகன் மேல் யார் வழக்குப் போடுவார்?

(ஒரு ஆறுதல் இருக்கிறது. 1677இல் போட்ட ஒரு பழைய சட்டப்படி ஜாமீன் என்பது எழுத்தில் இருந்து கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். ஆகவே கல்யாண வீட்டில் "நீ வீட்டைப் பாருடா, நான் பாத்துக்கறேன்" என்று வீறாப்பாகச் சொன்னவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.)

இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் பணம் இல்லை, அதற்குப் பிறகு பார்த்த ஒன்று. கடிதம் வந்த வாரமே நான் அந்த வீட்டுக்குப் போனேன், ஒன்பது மாதத்தில் அதுதான் முதல் தடவை, அதுவும் வெட்கமாக இருந்தது. பையன் அறையில் அலமாரி சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, நடு அறையில் நிற்கிறது. ஏன்டா என்று கேட்டால் பேசாமல் இருக்கிறான். எட்டிப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்கு, ஜன்னல் ஓரத்தில் காகிதம் ஊறி உரிந்து தொங்குகிறது. தலையணைக்குப் பக்கத்தில் இன்ஹேலர். நவம்பரிலிருந்து இப்படித்தானாம். ஏஜென்டிடம் சொன்னாயா என்றால், "ஒரு தடவ சொன்னேன் மாமா, ஜன்னலத் திறந்து வைங்கன்னாங்க. அதுக்கு மேல கேட்டா உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. உங்க வீட்டு பேர்ல தானே எல்லாம் இருக்கு" என்றான்.

நான் போட்ட கையெழுத்து அவனுக்கு வீடு வாங்கிக் கொடுத்தது, அவன் வாயையும் கட்டிப்போட்டது. மாமாவுக்குத் தொந்தரவு வந்துவிடும் என்று அவன் ஒரு குளிர்காலம் முழுக்கப் பூஞ்சையை மோந்துகொண்டு படுத்திருக்கிறான். கேரண்டர் என்றாலே ஏதோ வீட்டுக்காரரிடம் நம் குடும்பத்தை அடகு வைத்துவிட்ட மாதிரி பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நம் வளர்ப்பும் அப்படித்தான், உதவி செய்தவருக்குத் தலைவலி கொடுக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். எந்த வீட்டுக்காரரும் இதைத் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இதனால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அவன் பயந்ததற்கு அர்த்தமே இல்லை என்பதுதான் கொடுமை. சுவர், கூரை, குழாய், ஹீட்டர் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1985ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. வீடு மனிதர் வசிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 2018இல் தனியாக ஒரு சட்டம் வந்து, 2020 மார்ச்சிலிருந்து அநேகமாக எல்லா வாடகை வீட்டுக்கும் பொருந்துகிறது, ஈரமும் பூஞ்சையும் அதில் அடக்கம். கவுன்சிலில் சுகாதாரப் பிரிவு இருக்கிறது, அவர்கள் வந்து பார்த்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். பையன் இவ்வளவையும் செய்திருந்தாலும் அதனால் எனக்கு ஒரு பைசா செலவு வந்திருக்காது. பழுதைப் பற்றிப் புகார் கொடுப்பதும் ஜாமீன் பத்திரமும் வேறு வேறு. ஆனால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடக்கூடாது, நிறுத்தினால் அந்தப் பாக்கி நேரே ஜாமீன்தாரர் தலையில் விழும். பூஞ்சை பொறுக்க முடியாமல் வாடகையை நிறுத்திவிட்டு அப்பாவை மாட்டிவிட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும்.

சரி, 3,600க்கு வருகிறேன். இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்குப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா முதலில் கேட்டது பாக்கியைப் பற்றி இல்லை, டெபாசிட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஐந்து வார வாடகைதான் டெபாசிட்டாக வாங்கலாம் (வருட வாடகை 50,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு வாரம்), 2,400 வாடகைக்கு அது சுமார் 2,769 பவுண்டு, பையன்கள் சரியாக அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்தை வாங்கிய 30 நாளைக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாப்பாக வைத்து, எங்கே வைத்தோம் என்ற விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம், மூன்றின் இணையதளத்திலும் பையன் அங்கேயே உட்கார்ந்து அஞ்சல் குறியீட்டையும் பெயரையும் தட்டிப் பார்த்தான். மூன்றிலும் இல்லை. அப்படி வைக்காத வீட்டுக்காரருக்கு டெபாசிட்டைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை கோர்ட் அபராதம் போட்டு வாடகைக்காரருக்குக் கொடுக்கச் சொல்லலாம். அப்புறம் அந்த 150 பவுண்டு நிர்வாகக் கட்டணம், அதைக் கேட்பதே தப்பு. 2019 ஜூனிலிருந்து வாடகைக்காரரிடம் மட்டும் இல்லை, அவருக்கு ஜாமீன் நிற்பவரிடமும் இந்த மாதிரிக் கட்டணங்களை வாங்கக்கூடாது. கேரண்டரைச் சரிபார்க்க என்று சொல்லி 50, 100 என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், அதுவும் இதில்தான் வரும்.

இரண்டையும் எழுதி அனுப்பினேன், அதுவரை பதினான்கு நாள் கெடு வைத்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று வாரம் பேசவே இல்லை. இதற்குள் காலியான அறைகளுக்கு வேறு பையன்கள் வந்து வாடகை ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் வீடு காலி பண்ணும்போது, பாக்கியில் டெபாசிட்டைக் கழித்துக்கொள்கிறோம், மீதி 831 பவுண்டைக் கட்டுங்கள், கணக்கு முடிந்தது என்றார்கள். அந்த அம்மா விடாதீர்கள், பையன்கள் அபராதத்துக்கு வழக்குப் போடலாம் என்றுதான் சொன்னார். பையனுக்குப் பரீட்சை, விசா, வேலை தேடல், எனக்கும் தெம்பு இல்லை, கட்டிவிட்டேன். கழித்த டெபாசிட்டில் ஒழுங்காக வாடகை கட்டிய இரண்டு பையன்களின் பங்கும் போனது, அது இன்னும் உறுத்துகிறது. அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகையைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இப்போது புதுச் சட்டத்துக்கு வருகிறேன். 2026 மே 1 முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன்னால் வாடகை வாங்கவே கூடாது, கையெழுத்தான பிறகும் குடிபுகுமுன் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அக்காக்களின் வளையல் தப்பித்தது, நல்லது. ஆனால் ஆறு மாத முன்பணம் என்ற கதவை மூடினால், வரலாறும் வருமானமும் இல்லாத வெளிநாட்டு மாணவனை நம்பி வீடு கொடுக்க வீட்டுக்காரருக்கு என்ன மிச்சம்? கேரண்டர்தான். அவருக்கும் பயம் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் கட்டாயம் வெளியேற்றும் வழிக்குப் போகலாம், இப்போது அது மூன்று மாதப் பாக்கி, நோட்டீஸும் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகிவிட்டது. கஷ்டத்தில் இருப்பவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது, வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஏறுகிற பாக்கி யார் கணக்கில் ஏறுகிறது என்று சட்டம் எழுதியவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். முன்பெல்லாம் பெரும்பாலும் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும். இப்போது தனியார் வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது, மாதா மாதம் ஓடிக்கொண்டே இருக்கும். வாடகைக்கு இருப்பவர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், அருமையான உரிமை. ஜாமீன்தாரர் நோட்டீஸ் கொடுத்துக் கிளம்ப அப்படி ஒரு வாசலை யாரும் வைக்கவில்லை, பத்திரத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. 'குடியிருப்பு முடியும் வரை' என்று பத்திரத்தில் இருந்தால் அது எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும், பையன் படிப்பு முடிந்து வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, அதே வீட்டில் ஐந்து வருடம் இருந்தாலும் நாம் ஜாமீன்தான். வருடா வருடம் ஏறுகிற வாடகைக்கும் சேர்த்தா என்பதும் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ஜாமீன்தாரரைக் கேட்காமல் ஒப்பந்தத்தை மாற்றினால் அவர் விடுபட்டுவிடலாம் என்று பழைய சட்டக் கொள்கை ஒன்று இருக்கிறது, ஆனால் மாற்றங்களுக்கும் நான் கட்டுப்படுவேன் என்று ஒரு வரியைச் சேர்த்து அந்த ஓட்டையைப் பல பத்திரங்களில் முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்கள். (நான் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு, அங்கிருப்பவர்கள் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

பல்கலைக்கழகங்கள் இதில் தலையிட வேண்டும் என்பது என் கட்சி. சிலவற்றில் மாணவருக்குப் பல்கலைக்கழகமே கேரண்டராக நிற்கும் திட்டம் உண்டு, கேட்டால்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் வருடத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு கட்டணம் வாங்குகிறவர்கள், அந்தப் பிள்ளைக்கு ஒரு அறை கிடைக்க மாமனும் சித்தப்பனும் வீட்டை ஈடாகக் காட்டட்டும் என்று விட்டுவிடுவது என்ன நியாயம்? இங்கே மாமன் சித்தப்பன் யாருமே இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை நான் இன்னும் தொடவே இல்லை. அரசாங்கம் டெபாசிட்டுக்கு உச்சவரம்பு வைத்தது, முன்பணத்துக்கு வைத்தது, ஜாமீனுக்கு மட்டும் ஏன் வைக்கக்கூடாது? ஜப்பானில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தனிநபர் ஒருவர் வாடகைக்கு ஜாமீன் நின்றால் அதிகபட்சம் எவ்வளவு என்ற தொகையைப் பத்திரத்தில் எழுதியாக வேண்டும், எழுதாவிட்டால் ஜாமீனே செல்லாது. ஒரு வரிச் சட்டம்தான், அங்கே வீடு கிடைக்காமல் ஒன்றும் போய்விடவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் நண்பர் ஒருவரின் மகள் அதே மாதிரி ஒரு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "அங்கிள், ஒரே ஒரு கையெழுத்துதான்." என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இந்தத் தடவை மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பேனாவால் மூன்று இடத்தில் எழுதினேன்: என் பொறுப்பு அவள் பங்கு வாடகைக்கு மட்டும், அதிகபட்சம் இவ்வளவு பவுண்டுக்கு மேல் இல்லை, பன்னிரண்டு மாதத்தோடு முடியும். கூடவே வாடகை ஒப்பந்தத்தின் நகலும், டெபாசிட் எங்கே வைத்தார்கள் என்ற சான்றும் எனக்கும் வர வேண்டும் என்று கேட்டேன். அவளிடம் தனியாக, சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து மின்னஞ்சலில் புகார் அனுப்ப வேண்டும், என் பெயரை நினைத்துப் பேசாமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும் என்று சொல்லி வைத்தேன்.

ஏஜென்ட் இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார். அவள் பங்குக்கு மட்டும் என்பதற்குச் சரி, பன்னிரண்டு மாதத்துக்கும் சரி, உச்சத் தொகை போட முடியாது, எங்கள் நிறுவனத்தில் அப்படிப் பழக்கம் இல்லை என்றார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தொகையை எழுதச் சொல்லி மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டன் வாசகர் ஒருவர்